செயின்ட் டிரினியன்ஸ்: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு அக்கா பெண்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வருகிறார்கள். மூத்தவளுக்கு 13 வயது, சின்னவளுக்கு 9. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் சேர்ந்து திருடர்களை ஓட ஓட விரட்டுகிற பழைய ஆங்கிலப் படம் ஒன்று உண்டு, அடுத்த தடவை வரும்போது போட்டுக் காட்டுகிறேன் என்று போன கோடையில் சொல்லி வைத்திருந்தேன். சொல்லும்போது ஒரே படம் என்ற நினைப்பு. உட்கார்ந்து யோசித்தால் அப்படிச் சொல்லத்தக்க படங்கள் மூன்று இருக்கின்றன. 2007இல் எடுத்த புதிய படத்தையும் சேர்த்தால் நான்கு. எல்லாமே செயின்ட் டிரினியன்ஸ் என்ற கற்பனைப் பள்ளியின் கதைகள். முதலில் எதைப் போடுவது என்று முடிவு செய்வதற்காக ஒரு வாரம் ராத்திரிகளில் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். இதே கேள்வியோடு இருக்கிற வேறு சிலருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1954இல் 'த பெல்ஸ் ஆஃப் செயின்ட் டிரினியன்ஸ்', 1957இல் 'புளூ மர்டர் அட் செயின்ட் டிரினியன்ஸ்', 1960இல் 'த பியூர் ஹெல் ஆஃப் செயின்ட் டிரினியன்ஸ்', 1966இல் 'த கிரேட் செயின்ட் டிரினியன்ஸ் டிரெயின் ராபரி'. ஃபிராங்க் லாண்டர், சிட்னி கில்லியட் என்ற இரட்டையர் எடுத்தவை இந்த நான்கும். பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பும் என்பதால் இனிமேல் குதிரைப் படம், வைரப் படம், பாலைவனப் படம், ரயில் படம் என்றே சொல்கிறேன். 1980இல் லாண்டர் மட்டும் திரும்ப வந்து ஒரு படம் எடுத்தார். பள்ளிப் பெண்கள் தொழிற்சங்கம் அமைக்கிற கதை. சொல்லக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது, படத்தில் உயிர் இல்லை. அதை விட்டுவிடலாம். பாலைவனப் படத்தையும் பிள்ளைகளுக்கு நான் போட மாட்டேன். ஓர் அமீரின் அந்தப்புரத்துக்குப் பெரிய வகுப்புப் பெண்களைக் கூட்டிப் போகிற கதை அது. அரபு நாட்டவர்களை அது காட்டுகிற விதமும், பெண்களைக் காட்டுகிற விதமும் இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. பள்ளியைக் கொளுத்தியதற்காகப் பிள்ளைகளைக் கூண்டில் நிறுத்தி விசாரிக்கும் தொடக்கக் காட்சி மட்டும் பிரமாதம்.

மீதிப் படங்களை ஒப்பிட எனக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. நடிகர்களை வைத்துப் பார்த்தால் எல்லாப் படத்திலும் நல்ல நடிகர்கள். கதையை வைத்துப் பார்த்தால் எதிலும் கதை பெரிதில்லை. அதனால் இந்தப் பள்ளி எங்கிருந்து வந்ததோ அங்கே போய்ப் பார்த்தேன்.

ரொனால்ட் சேர்ல் என்ற ஓவியர் கேம்பிரிட்ஜில் 1920இல் பிறந்தவர். போர்க்காலத்தில் படைவீரராக ஸ்காட்லாந்தின் கர்க்கூப்ரி என்ற ஊரில் இருந்தபோது, எடின்பரோவில் செயின்ட் டிரினியன்ஸ் என்ற பள்ளியில் படித்த இரண்டு சகோதரிகளைச் சந்தித்தார். அவர்களைச் சிரிக்க வைக்க ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். அது 1941 அக்டோபரில் 'லில்லிபுட்' இதழில் வெளியானது. அப்புறம் அவருடைய படைப்பிரிவு சிங்கப்பூருக்குப் போனது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் கைதியானார். சாங்கி சிறை, அங்கிருந்து சயாம் - பர்மா ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்து விழுந்தார்களே, அதே மரண ரயில்தான். அங்கே காய்ச்சலிலும் பட்டினியிலும் கிடந்துகொண்டே கண்ணால் கண்டதையெல்லாம் அவர் வரைந்தார். வரைந்த தாள்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார். காவலர்கள் அந்தப் பக்கம் வர அஞ்சுவார்கள் என்பதால். உயிரோடு ஊர் திரும்பிய பிறகுதான் செயின்ட் டிரினியன்ஸ் பெண்களைத் தொடர்ந்து வரைந்தார்.

அந்தப் படங்களில் இருப்பவர்கள் சின்னப் பெண்கள். குச்சிக் கால், சுருங்கிய காலுறை, மை படிந்த விரல், கசங்கிய பினஃபோர், கையில் ஹாக்கி மட்டை. அநேகமாகப் பெயர் கிடையாது. ஒருத்தி தனியாகச் செய்கிற குறும்பு அதில் இல்லை. ஒரு கூட்டம் அமைதியாக, மும்முரமாக, வேலை பார்ப்பதைப் போலப் பயங்கரத்தைச் செய்துகொண்டிருக்கும். பெரியவர்கள்தான் பயப்படுவார்கள். போர் முகாமைப் பார்த்து வந்தவரின் கை அது என்பது தெரிந்த பிறகு, அந்தச் சிரிப்பின் அடியில் இருக்கும் கனம் எனக்குப் புரிந்தது. அவரே ஒரு கட்டத்தில் சலித்துப்போய் 1953இல் வந்த புத்தகத்தில் அணுகுண்டு வெடித்துப் பள்ளி அழிவதாக வரைந்து முடித்துவிட்டார். மறு வருடமே சினிமா அதை உயிர்ப்பித்துவிட்டது.

ஆக என் அளவுகோல் இதுதான்: படத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு இடம்? இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் இரண்டு கூட்டம் உண்டு. நான்காம் ஃபாரம், ஆறாம் ஃபாரம். (நம் தாத்தா காலத்துப் பள்ளிகளிலும் ஃபாரம் கணக்குத்தான். ஆறாம் ஃபாரம் என்றால் நமக்கு எஸ்எஸ்எல்சி. இங்கிலாந்தில் அது நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ வயது.) நான்காம் ஃபாரத்தார் சேர்ல் வரைந்த வாலுகள். ஆறாம் ஃபாரத்தார் உதட்டுச் சாயமும் நீளக் காலுறையுமாக வருகிற குமரிகள். இவர்கள் பெரும்பாலும் சினிமாவின் சேர்க்கை. படம் நான்காம் ஃபாரத்தின் பக்கம் சாய்கிற அளவுக்கு நன்றாகிறது, ஆறாம் ஃபாரத்தின் பக்கம் சாய்கிற அளவுக்குத் தளர்கிறது. ஒரு வாரம் பார்த்ததில் எனக்குக் கிடைத்த முடிவு இது. இதை வைத்துத்தான் மற்றதைச் சொல்லப்போகிறேன்.

குதிரைப் படத்தில் இந்தக் கூட்டங்கள் இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. அதுதான் அதன் பலம். மாகியாத் என்ற நாட்டு சுல்தானின் மகள் பாத்திமா பள்ளியில் சேர்கிறாள். சுல்தானின் பந்தயக் குதிரை 'அரப் பாய்' பக்கத்து லாயத்தில் இருக்கிறது. கடனில் மூழ்கிய பள்ளியைக் காப்பாற்றத் தலைமையாசிரியை மிஸ் ஃபிரிட்டன் அந்தக் குதிரைமேல் பணம் கட்டுகிறார். அவருடைய சகோதரர் கிளாரன்ஸ் ஒரு புக்கி. குதிரை ஜெயித்தால் அவருக்கு நஷ்டம். அவர் தன் மகள் அரபெல்லாவைப் பள்ளிக்கு அனுப்ப, அவளும் ஆறாம் ஃபாரத்தாரும் குதிரையைக் கடத்துகிறார்கள். நான்காம் ஃபாரத்து வாண்டுகள் அந்தக் குதிரையை மீட்டுத் தாங்கள் படுக்கும் மாடி அறையில் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறார்கள். படிக்கட்டில் குதிரை ஏறுகிற யோசனையே போதும், சின்னவள் குதித்துவிடுவாள். அப்புறம் நடக்கிற முற்றுகை, எதிர்முற்றுகை எல்லாம் ஒரு கோட்டைப் போர் மாதிரி.

மிஸ் ஃபிரிட்டன், கிளாரன்ஸ் இரண்டு வேடமும் அலஸ்டெய்ர் சிம் என்ற ஒரே நடிகர். ஆண் நடிகர் பெண் வேடம் போட்டால் நாம் எதிர்பார்ப்பது ஒன்று, அவர் செய்வது வேறு. குரலைக் கீச்சென்று ஆக்குவதில்லை, நடையைக் கேலிக்கூத்தாக்குவதில்லை. கனிவும் கண்ணியமும் உள்ள, கொஞ்சம் களைத்துப்போன ஒரு பெரியம்மாவாகவே இருக்கிறார். கூரை இடிந்தாலும் முகம் கோணாத பெரியம்மா. நடிப்புக்கு வருவதற்கு முன் அவர் எடின்பரோவில் பேச்சுக்கலை கற்பித்த ஆசிரியர். அந்த உச்சரிப்புச் சுத்தத்தை ஒவ்வொரு வசனத்திலும் கேட்கலாம். மற்றப் பள்ளிகளில் பிள்ளைகளைத் தயார் செய்யாமலே இரக்கமில்லாத உலகத்துக்கு அனுப்புகிறார்கள், எங்கள் பிள்ளைகள் வெளியே போகும்போது உலகம்தான் தயாராக இருக்க வேண்டும் என்கிற பொருளில் அவர் பேசுகிற இடம் ஒன்று வரும். இந்தப் படத்தின் மொத்தச் சாரமும் அதில் இருக்கிறது.

பள்ளியைச் சுற்றிய உலகத்தையும் இந்தப் படம்தான் கட்டி எழுப்புகிறது. பள்ளி திறக்கிற நாளில் ஊரே கடையைச் சாத்திக்கொண்டு ஒளிகிற காட்சியில் தொடங்குகிறது. கல்வி அமைச்சகம் அனுப்பிய ஆய்வாளர்கள் திரும்பி வரவில்லை, பள்ளியிலேயே தங்கிவிட்டார்கள். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் ஜின் சாராயம் காய்ச்சுகிறார்கள். அதைப் புட்டியில் அடைத்து விற்றுக் கொடுப்பவர் ஃபிளாஷ் ஹாரி என்ற தரகர். தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுப் புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார். அவர் வரும்போதெல்லாம் ஒரு துள்ளல் இசை ஒலிக்கும். பிரிட்டனில் போர்க்கால ரேஷன் முற்றாக முடிந்ததே 1954 ஜூலையில்தான். கள்ளச் சந்தைத் தரகர் என்றால் யார் என்று அன்றைய பார்வையாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹாரியாக நடித்த ஜார்ஜ் கோல் சிறுவயதில் போர்க்காலத்தில் சிம் தம்பதி வீட்டில் தங்கி வளர்ந்தவர். இருவரும் பேசிக்கொள்ளும் காட்சிகளில் அந்த நெருக்கம் தெரிகிறது.

இசையைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் இருக்க முடியவில்லை. லாண்டர் - கில்லியட்டின் இந்தப் படங்களுக்கு இசை மால்கம் ஆர்னால்ட். 1957இல் வைரப் படத்துக்கு இசையமைத்த அதே ஆண்டில் 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்கும் இசையமைத்து ஆஸ்கர் வாங்கினார். இலங்கையின் கித்துல்கலவில் படமாக்கிய அந்தப் படம், சேர்ல் உடல் நொந்து வேலை பார்த்த அதே மரண ரயில் பாதையின் கதை. சேர்லின் வாழ்க்கையின் இரண்டு முனைகளுக்கும் ஒரே மனிதர் இசை தந்திருக்கிறார்.

குதிரைப் படத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சூதாட்டக் கணக்கு புரியாது. எந்தக் குதிரை ஜெயித்தால் யாருக்கு லாபம் என்று தொடக்கத்திலேயே இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும். வசனம் வேகமாக வருகிறது, பழைய பிரிட்டிஷ் உச்சரிப்பு. ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது. புகை, சாராயம், பந்தயம் எல்லாம் உண்டு. இதைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

வைரப் படத்தில் திருடன் இன்னும் தெளிவான திருடன். லண்டன் ஹாட்டன் கார்டனில் வைரங்களைக் கொள்ளையடித்த ஜோ மாங்கன், மகள் படிக்கிற பள்ளியில் வந்து ஒளிகிறான். பள்ளிக்குப் போட்டியில் பரிசாக ரோம் பயணம் கிடைக்கிறது. வினாத்தாள் விஷயத்தில் அமைச்சகத்துக்குள் புகுந்து பிள்ளைகள் வேலை காட்டியதால் கிடைத்த பரிசு. புதிதாக வரவிருந்த தலைமையாசிரியையைக் கட்டிப்போட்டுவிட்டு, மாங்கனே அந்த அம்மாளின் உடையில் ஐரோப்பா முழுக்கக் கூட வருகிறான். லயோனல் ஜெஃப்ரிஸ் இதைச் செய்கிற விதம் சிரிப்பை அடக்க முடியாமல் ஆக்குகிறது. சிம் அமைதியான பெரியம்மா என்றால், இவர் பாவாடைக்குள் மாட்டிக்கொண்டு வியர்க்கிற ரௌடி. பழைய பஸ்களை ஓட்டிக்கொண்டு வருகிற டெர்ரி-தாமஸ், பல்லிடுக்கும் மீசையுமாக, ஏமாற்றவும் தெரியாமல் நேர்மையாக இருக்கவும் முடியாமல் தவிப்பவர். மாறுவேடத்தில் வரும் பெண் போலீஸ் சார்ஜென்ட் ரூபி கேட்ஸ் (ஜாய்ஸ் கிரென்ஃபெல்) அவர்மேல் மயங்குவதைப் பார்த்தால் சிரிப்போடு கொஞ்சம் பாவமாகவும் இருக்கும்.

பெரியவர்கள் மட்டும் பார்ப்பதானால், நடிப்புக்காக இதைக் குதிரைப் படத்துக்கு அடுத்ததாகச் சொல்வேன். ஆனால் சிம் இதில் சிறையிலிருந்து ஓரிரு நிமிடம் தலை காட்டுவதோடு சரி. ரோமில் ஓர் இளவரசனுக்கு ஆறாம் ஃபாரத்துப் பெண்களில் மணமகள் தேடுகிற கிளைக்கதையும் ஓடுகிறது. சப்ரினா என்ற அன்றைய கவர்ச்சி நட்சத்திரம் படுக்கையில் புத்தகம் படித்தபடி ஒரு வசனமும் இல்லாமல் வந்து போகிறார். எதற்கு என்று மூத்தவள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. நான்காம் ஃபாரத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அட்டகாசமும் செய்கிறார்கள், ஆனால் கதையை நகர்த்துவது அவர்கள் இல்லை. நடுவில் ஒரு அரை மணி நேரம் பஸ் எங்கே போகிறது என்றே பிடிபடாமல் அலைகிறது.

ரயில் படத்துக்கு வருவோம். 1963 ஆகஸ்ட் 8 அன்று பக்கிங்ஹாம்ஷயரில் தபால் ரயிலை மறித்து ஒரு கும்பல் 26 லட்சம் பவுண்டை அள்ளிப் போனது. அந்தக் கும்பலில் ரொனால்ட் பிக்ஸ் 1965இல் சிறைச் சுவர் தாண்டி ஓடிய செய்தி ஆறுவதற்குள் 1966இல் இந்தப் படம் வந்துவிட்டது. படத்தில் கொள்ளையர்கள் 25 லட்சம் பவுண்டை ஹாமிங்வெல் கிரேஞ்ச் என்ற ஆளில்லாத மாளிகையின் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்துவிட்டுப் போகிறார்கள். பரபரப்பு அடங்கியதும் எடுக்க வந்தால், செயின்ட் டிரினியன்ஸ் பள்ளி அந்த மாளிகைக்குக் குடிவந்திருக்கிறது. தலைவனின் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் கட்டளையிடும். கும்பலை நடத்துகிற ஆல்ஃபிரட் ஆஸ்கெட், வெளியில் பார்த்தால் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்பவர். ஃபிராங்கி ஹவர்ட் இந்த வேடத்தில் அழுது புலம்பி, பயந்து, மிரட்டி எல்லாம் செய்கிறார். வேவு பார்க்கத் தன் மகள்களையே அந்தப் பள்ளியில் சேர்க்கிறார். பெற்றோர் தினத்தன்று சமையல் காண்டிராக்டர் வேடத்தில் கும்பல் உள்ளே நுழைகிறது.

கடைசிப் பகுதிதான் இந்தப் படம். பணத்தை ரயிலில் ஏற்றிக்கொண்டு கொள்ளையர்கள் தப்ப, பிள்ளைகள் இன்னொரு ரயிலில் துரத்துகிறார்கள். அப்புறம் துரத்துகிறவர்கள் துரத்தப்படுகிறார்கள். தடம் மாற்றும் பாயின்ட், பின்னோக்கி ஓடும் எஞ்சின், கைவண்டி என்று ரயிலை வைத்து என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்கிறார்கள். ஹாம்ப்ஷயரில் ராணுவத்தின் லாங்மூர் ரயில் பாதையில் உண்மையான நீராவி எஞ்சின்களை ஓட்டி எடுத்தது. அந்தப் பாதையை 1969இல் மூடிவிட்டார்கள். அந்தப் புகையும் இரும்புச் சத்தமும் வண்ணத்தில் இங்கே பத்திரமாக இருக்கின்றன. பேசாப்படக் காலத்துத் துரத்தலைப் போல இதற்கு மொழி தேவையே இல்லை. தமிழ் மட்டும் தெரிந்த பாட்டியும் கூட உட்கார்ந்து சிரிக்கலாம்.

ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர நேரமாகிறது. முதல் பாதியில் கொள்ளைக்காரர்களும் அமைச்சக அதிகாரிகளும்தான் அதிகம். 1964 தேர்தலில் தொழிற்கட்சி ஜெயித்ததை வைத்த அரசியல் நையாண்டி நிறைய. அமைச்சருக்கும் தலைமையாசிரியைக்கும் காதல் உறவு என்பதால்தான் பள்ளிக்கு மானியம் வருகிறது. இதை 9 வயதுப் பிள்ளைக்கு விளக்க வேண்டாம், கடந்துபோய்விடும். டோரா பிரையன் நல்ல தலைமையாசிரியைதான், ஆனாலும் மிஸ் ஃபிரிட்டன் இல்லாத குறை தெரிகிறது.

2007 படத்தை மூத்தவள் ஏற்கெனவே எங்கோ துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறாளாம், அதையே போடச் சொல்வாள். ரூப்பர்ட் எவரெட் தலைமையாசிரியையாகவும் அவருடைய சகோதரராகவும் வருகிறார், சிம்முக்கு மரியாதை செய்வது போல. கடனில் போகவிருக்கும் பள்ளியைக் காப்பாற்ற, லண்டன் நேஷனல் கேலரியிலிருந்து வெர்மீரின் முத்துக் காதணிப் பெண் ஓவியத்தைத் திருடுகிறார்கள். படம் சுறுசுறுப்பாகப் போகிறது, பிள்ளைகளுக்குப் புரிகிற ஆங்கிலம். ஆனால் இங்கே பெண்களே திருடர்கள். திருடனை முறியடிக்கிற சந்தோஷம் இதில் கிடைக்காது. பெண்களைக் கூட்டம் கூட்டமாக, உடை அலங்காரத்தை வைத்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெடிமருந்தோடு விளையாடும் இரட்டைச் சிறுமிகள் வரும்போது மட்டும் சேர்லின் கோடு ஒரு கணம் மின்னி மறைகிறது. ஆறாம் ஃபாரம் முழுதாக ஜெயித்துவிட்ட படம் இது.

ஆக உண்மையான போட்டி குதிரைப் படத்துக்கும் ரயில் படத்துக்கும்தான். சின்னவளை மட்டும் நினைத்தால் ரயில் படம் என்று கை போகிறது. வண்ணம், எஞ்சின், ஓட்டம். ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது, கூட்டத்தில் எல்லாருமே பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் யோசிக்காமல் அதையே போடுங்கள். முதல் பாதியில் முறுக்கு, கடலை என்று எதையாவது கொடுத்து உட்கார வைத்துவிட்டால் போதும்.

எங்கள் வீட்டில் இரண்டு சனிக்கிழமை இருக்கிறது. அதனால் குதிரைப் படம் முதலில். காரணம் ரயில் படத்திலேயே இருக்கிறது. கொள்ளையர்கள் அந்த மாளிகைக்குத் திரும்பி வரும்போது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் வருகிற சிரிப்பு முழுதாக வர வேண்டுமானால், ஊர் கடையடைத்ததையும், ஆய்வாளர்கள் திரும்பாததையும், மாடியில் குதிரை நின்றதையும் நாம் ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவர்களுக்கு அது யாரோ சில முரட்டுப் பிள்ளைகள் இருக்கிற ஒரு பள்ளி. பார்த்தவர்களுக்கோ, கேட்டைத் திறக்கிற அந்தத் திருடர்கள்மேல் இரக்கமே வந்துவிடும்.

வைரப் படத்தை மூத்தவளோடு தனியாக, கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் குதிரை. பந்தயக் கணக்கைத் தாளில் எழுதி, எந்தக் குதிரை யாருடையது என்று படம் போட்டு, சின்னவள் கையில் கொடுத்துவிடப் போகிறேன்.